சின்னப்பொண்ணுவின் பேச்சு

ஆடித் திருவிழாவுக்குப் பெரியபாளையத்தில் கொட்டகை போடும் நாடகக் கம்பெனியில் ஆதிகேசவன்தான் பபூன். குட்டிக்கரணம் அடிக்க மாட்டான், முகத்தைக் கோணிக் காட்ட மாட்டான். "எதிரிப் படை எவ்வளவு தூரத்தில் வருகிறது?" என்று ராஜா உறுமினால், வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீங்க சாப்ட்டு கையலம்புற தூரந்தான், மகாராஜா" என்பான். எங்கோ ஒரு மூலையில் ஒருவர் சிரிப்பார். அது மெல்ல மெல்லக் கொட்டகை முழுக்கப் பரவும்.

அவன் மனைவி சின்னப்பொண்ணுவுக்குத் திக்குவாய். ஊர் கேலி செய்ததிலிருந்து வெளியில் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். ஊட்டுக்குள் மட்டும் ஓயாமல் பேசுவாள். சொல் வந்து சேரும்வரை பொறுத்திருக்கிற ஒரே ஆள் அவன்தான்.

ஐம்பத்துநாலாம் வருஷம் சோழவரத்தில் குப்புராஜ் என்ற புது பபூன் கிளம்பினான். நொண்டி நடப்பான், வேட்டியைத் தூக்கிக் காட்டுவான், விசில் பறக்கும். கூட்டமெல்லாம் அங்கே போயிற்று. இங்கே கான்ட்ராக்டர் சுப்பராயன் ஆதிகேசவனைக் கூப்பிட்டார்.

"உன் ஜோக்கு ஊட்டுக்குப் போனப்புறம்தான்யா புரியுது. இன்னைக்கு ஜனம் சிரிக்கல, நாளைக்கு நீ இல்ல."

அன்றைக்கு மேடையில் இரண்டு வசனம் சொல்லியும் கூட்டம் அசையவில்லை. "எறங்குடா!" என்று எவனோ கத்தினான். ஆதிகேசவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ராஜா கேள்வி கேட்டபோது வாய் தானாகக் கோணிக்கொண்டது. "ம... ம... ம... மகா..." கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக மூடி, தொடையில் தட்டித் தட்டி... அச்சு அசலாக அவளேதான். கொட்டகை அதிர்ந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணுவை அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் எழுந்து போவதை அவன் மேடையிலிருந்தே பார்த்தான். நிறுத்தவில்லை. சிரிப்பு அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஊட்டுக்கு வந்தவன் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"புத்தி கெட்டுப் போச்சு சின்னு. இனிமே மேடையே வேணாம்."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள்.

சொன்னபடியே நாடகத்தை விட்டான். நெல் மிஷினில் மூட்டை தூக்கினான். அங்கேயும், "அந்த 'ம ம மகா' போடேன், நைனா" என்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். அவள் சந்தையில் விரலைக் காட்டிக் கத்தரிக்காய் வாங்கினாள். கொஞ்ச நாளில் ஊட்டுக்குள்ளும் விரல்தான் பேசியது.

ஒரு சாயங்காலம் அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு வார்த்தை பேசேன். எவ்ளோ நேரமானாலும் காத்துக்கினு இருக்கேன்."

வெகுநேரம் அவனையே பார்த்தாள். கண் நிறைந்தது. உதடு பிரிந்து, "எ... எ..." என்று தொடங்கியது. சட்டென்று நின்றாள்.

அவனை அறியாமலேயே அவன் உதடும் அவளோடு சேர்ந்து கோணிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.