அக்கா புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை

பெரியப்பா, நீங்கள் சொன்னது பொய். அக்கா போன பதின்மூன்றாம் நாள், சுபஸ்வீகாரத்தன்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள்: "கடைசியில கொழந்தை பௌதிகப் புஸ்தகத்தைத் தூரப் போட்டுட்டுக் கை கூப்பினா. எல்லாம் வேதாந்தத்துல இருக்குன்னு எங்கிட்டயே சொன்னா." துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று அத்திம்பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்று வருஷாப்திகம், அக்கா போய் ஒரு வருஷம். இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னதே அவர்தான்.

அக்கா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ஸ்ரீரங்கத்தில். கல்லூரியில் பௌதிகம் படிக்க ஆசைப்பட்டார். அப்பா இல்லாத வீட்டில் உங்கள் பேச்சுதான் சட்டம். "பொண்ணுக்கு பி.காம். போதும்" என்றீர்கள். அக்கா பி.காம். படித்தார். வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தார். குழந்தை இல்லை என்று நம் சொந்தங்கள் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தானாகவே குவாண்டம் இயற்பியல் படிக்க ஆரம்பித்தார்.

தப்பாகத்தான் ஆரம்பித்தார். கணக்கே இல்லாமல் குவாண்டத்தைக் கதையாகச் சொல்லும் புத்தகங்கள், யூடியூப் வீடியோக்கள். "கேக்க நன்னா இருக்குடா. ஆனா ஒரு கணக்குக் குடுத்தா போட வரலை" என்றார். அவற்றையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு பிளஸ் டூ கணக்குப் புத்தகம் வாங்கினார். கலப்பெண்கள், அணிகள் என்று அடியிலிருந்து தொடங்கினார். திருச்சி கே.கே. நகர் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் மடியில் அதுதான். தளிகையை அத்திம்பேர் பார்த்துக்கொண்டார். அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தீர்கள்: "ஆம்படையான் கரண்டி பிடிக்கறான், இவ எலெக்ட்ரான் பிடிக்கறா."

டி.வி. ரிப்பேர் கடையில் கழித்துப் போட்ட, ஒளியை வடிகட்டும் போலரைசர் தாள்களை வாங்கி வந்து ஒரு நாள் உங்களுக்குக் காட்டினார். இரண்டு தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் வெளிச்சம் அடைபட்டுவிடும். நடுவில் மூன்றாவதைச் சாய்வாகச் செருகினால் வெளிச்சம் மறுபடி வரும்.

"மாயை! இதைத்தாண்டி நம்ம ரிஷிகள் சொன்னா" என்று துள்ளினீர்கள்.

"மாயை இல்லை பெரியப்பா. எவ்வளவு சாய்க்கணும்னு சொல்லுங்கோ, எவ்வளவு வெளிச்சம் வரும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்."

நீங்கள் கோணம் சொல்லவில்லை. நீங்கள் செய்யும் வேதாந்த உபந்யாசங்களில் அடுத்ததில், "குவாண்டம் படிச்ச என் தம்பி பொண்ணே எல்லாம் மாயைன்னு ஒத்துண்டுட்டா" என்று பேசினீர்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இணையத்தில் அக்காவோடு சேர்ந்து படித்தவர்கள், "நீங்களுமா மேடம்?" என்று கேட்டார்கள். அதை எடுத்துவிடச் சொல்லி அக்கா உங்களுக்கு போன் செய்தார். "அசடே, உனக்குப் பெருமைதானே" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். வெட்கப்பட்டு அக்கா அந்தக் குழுவை விட்டே விலகினார். சந்தேகம் கேட்க ஆளில்லாமல் தனியாகப் படித்தார்.

அக்காவுக்குப் பக்தி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தவறாமல் பெருமாளைச் சேவித்தவர். அதற்கு அவருக்குக் குவாண்டம் தேவைப்படவில்லை.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் படிப்பை விடவில்லை. "இருக்கறதுலயே சிம்பிளான அணு ஹைட்ரஜன். அதுக்கே இன்னும் வந்து சேரலைடா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் புத்தகமும் கையுமாக என்னிடம் எரிச்சல்பட்டார். அப்போதுதான் நீங்கள் பார்க்க வந்தீர்கள்.

"போதும்டி, அதைக் கீழ வெச்சுட்டு நாராயணா சொல்லு."

"அது காலம்பறயே சொல்லியாச்சு பெரியப்பா. இப்போ இது."

உங்களிடம் அவர் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். நானும் அத்திம்பேரும் பக்கத்தில் நின்றோம். நர்ஸ் சிரித்தார். நீங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு வரவே இல்லை. அக்கா ஹைட்ரஜனை எட்டவில்லை. அதற்கு முந்தைய பாடத்தின் நடுவிலேயே போய்விட்டார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அந்த நர்ஸுக்கும், தாள்களைச் சும்மா கொடுத்த ரிப்பேர் கடைக்காரருக்கும், கூப்பிட்டதும் வந்து ரத்தம் கொடுத்த காட்டூர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பா, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். சபையில் சொன்னதற்குச் சபையிலேயே பதில் வேண்டும். இன்று இலை போடுவதற்கு முன், எல்லாரும் கேட்க, எழுந்து நின்று சொல்லுங்கள்: அக்கா எப்போது, எந்த வார்த்தையில் உங்களிடம் அப்படிச் சொன்னார்? சொல்லவே இல்லையென்றால், சொல்லவில்லை என்று சொல்லுங்கள். மைக் ஏற்பாடு செய்திருக்கிறோம்.