பெயர் சொல்லாத மாப்பிள்ளைக்கு ஒரு பேச்சு

அடுத்தவர் வாய்க்குப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவனைக் கைதட்டும்போது யாருக்கும் தெரியாது. பேச்சு பிழைத்தால் மட்டும் மண்டபமே அவனைத் திரும்பிப் பார்க்கும். உங்களிலும் சிலர் அப்படிப் பார்க்கப்பட்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில், லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வீட்டில் நான் சேட்டு, காற்சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையில் இரண்டு கதைகள் எழுதியிருந்தேன். அது போதுமாக இருந்தது. கல்யாணப் பேச்சென்றால் என்னிடம் வந்தார்கள். ஞாயிறு கல்யாணம் முடிந்ததும் மண்டபத்தை விட்டுவிட வேண்டும் என்பதால் பேச்செல்லாம் முதல்நாள், ஒத்திகை முடிந்து சாப்பிடும்போதுதான். பேசுகிறவர் சபையைப் பார்ப்பதில்லை. வீடியோக் கமராவைப் பார்ப்பார். கசெற் ஊருக்குப் போகவேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை

செல்வநாதன் என்னைப் பல்லரோச் சந்தையில் மீன்கடைக்கு முன்னால் பிடித்தார். மாடிக் கட்டடங்களில் படி கழுவுகிறவர். தகப்பன் இல்லை, தங்கை வசந்திக்கு எல்லாம் அவர்தான். வசந்தி விரும்பியது மன்னார் அந்தோனியை. கத்தோலிக்க வேதக்காரப் பையன். கொழும்பில் இருக்கும் தாய்க்குச் செல்வநாதன் மாப்பிள்ளை சைவம் என்று எழுதிவிட்டார். அவருடைய தமையன் ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டியதிலிருந்து தாய் அந்த மகனின் கடிதங்களைப் பிரிப்பதில்லை. தனக்கும் அது நடந்துவிடும் என்று இவருக்குப் பயம்.

கல்யாணம் தேவாலயத்தில். அதன் படச்சுருள் வெளிச்சம் பட்டுப் பழுதாகிவிடும் என்பதை அவர் ஒரு மாதம் முன்பே முடிவுசெய்திருந்தார். மிஞ்சியது முதல்நாள் சாப்பாட்டு வீடியோ மட்டும். அதைத் தாய் பார்ப்பா. "அண்ணை, எல்லாம் வடிவாய் எழுதுங்கோ. மாப்பிள்ளையின்ரை பேர் மட்டும் வரக்கூடாது," என்றார்.

படிக்கட்டு

எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களையும் அவர் படி கழுவிக்கொண்டே பாடமாக்கினார். துடைப்பத்தை ஒலிவாங்கிபோல் பிடித்து, கையை உயர்த்தி, மாடிக்கு மாடி குரலை ஏற்றினார். மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. அந்த வீட்டுச் சிஞ்ஞோரா தலையை நீட்டி இத்தாலியனில் கேட்டாவாம்: "யாரைத் திட்டுகிறாய்? என் புருஷனை என்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டு."

மாப்பிள்ளையின் விமர்சனம்

அந்தோனி துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிறவர். பேச்சின் பிரதி எப்படியோ அவர் கைக்குப் போய்விட்டது. பெயர், ஊர், சமயம் மூன்றையும் எடுத்துவிட்டால் ஒரு மனிதனைப் பற்றி எழுத அதிகம் மிஞ்சாது என்பதை நானும் எழுதும்போதுதான் கண்டுபிடித்தேன். அமைதியானவர், விடிய எழும்புவார், எவ்வளவு பாரமும் சுமப்பார், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார் என்று போட்டிருந்தேன்.

அந்தோனி என்னைத் தேடி வந்து, தாளை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. "அண்ணை, மாப்பிள்ளை எண்டிருக்கிற இடமெல்லாம் எருது எண்டு போட்டு வாசிச்சுப் பாத்தன். ஒரு பிழையும் வரேல்லை."

ஆசீர்வாதம்

தேவாலய மண்டபத்தின் மூன்று சுவர்களில் புனிதர்களின் படங்கள் இருந்தன. நாலாவது சுவரில் கழிப்பறைக் கதவு மட்டும். எனவே அந்தப் பக்கமே படம் பிடிக்கவேண்டும் என்று வீடியோக்காரருக்குக் கட்டளை. செல்வநாதன் கதவுக்கு முன்னால் நின்று பேசினார். நன்றாகவே பேசினார். "எங்கள் மாப்பிள்ளைத் தம்பி" என்று ஆறாவது தடவை சொன்னபோது கதவு திறந்தது. பங்குத்தந்தை நீள அங்கியோடும் சிலுவையோடும் வெளியே வந்தார். கமராவைக் கண்டதும் நின்றார். கையை உயர்த்தி, நிதானமாக, கொழும்பு வரைக்கும் ஆசீர்வதித்தார்.

சபை சிரித்து ஓய நேரம் எடுத்தது. வீடியோக்காரர், "ஒண்டும் யோசியாதேங்கோ. பின்னுக்குச் சுத்தி இதுக்கு மேலையே எடுப்பம்," என்றார். செல்வநாதன் தாளின் முதல் பக்கத்தைத் தேடினார். என்னைப் பார்த்தார். நான் தட்டிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்தேன்.

வசந்தி எழும்பினாள். "அண்ணா, இந்த முறை பேரையும் சொல்லுங்கோ. பேர் இல்லாத ஆளை நான் நாளைக்குக் கட்டேலாது."

செல்வநாதன் தாளை நாலாய் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். கமராவைப் பார்த்துப் பேசினார்: "அம்மா, இவருக்குப் பேர் அந்தோனி. மன்னார். வேதக்காரர். பொய் சொன்னது நான்தான், தங்கச்சி இல்லை. இனி நாங்கள் சாப்பிடப்போறம்."

பதில்

கசெற் போய் இரண்டு மாதம் கழித்துத் தாயிடமிருந்து கடிதம் வந்தது. செல்வநாதனுக்கு அல்ல, அந்தோனியின் பெயருக்கு. மருமகனின் சுகம் விசாரித்து ஒன்றரைப் பக்கம், மெலிந்து தெரிகிறார் என்று அரைப் பக்கம். அடியில் ஒரு வரி இருந்தது. அந்தோனி அதை வாசிக்க, செல்வநாதன் பக்கத்திலிருந்து கேட்டார். "பொய் சொன்னவனோடை நான் இப்ப கதைக்கிறேல்லை எண்டு அவனிட்டைச் சொல்லிவிடுங்கோ."

செல்வநாதன் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: "அண்ணை, 'இப்ப' எண்டு போட்டிருக்கிறா."

நான் ஒப்புக்கொண்ட பேச்சுகளில் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது செல்வநாதனின் பேச்சு ஒன்றுதான், அதிலும் நான் எழுதிய சொல் ஒன்றுகூட இல்லை.