வலப்பக்கத்துப் படி

தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பல் செட் செய்யும் லேபில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு, ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்தவள். மீதிப் பேருக்குச் சொந்தப் பல் இருந்தது. "பல்லக்குல ஒரு நாள் ஏறுனதில்ல, பேரு மட்டும் பல்லக்கா" என்று அவளுடைய அத்தான் சொல்லாத வாரம் கிடையாது. அத்தான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவரும் அக்காவும் கீழே, பல்லக்கா மாடி அறையில், சமையல் ஒன்று.

டிசம்பர் பிறந்தால் சாப்பாட்டு மேசை, அக்காவும் தங்கையுமாகச் செய்த பொம்மை வீட்டுக்குப் போய்விடும். மூவரும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுவார்கள். பொம்மை வீட்டுக்கு உண்டான எல்லாம் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் குறைந்திருக்க வேண்டும், கிறிஸ்துமஸும் அப்படித்தான். பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷ்ஷைப் பச்சை மையில் முக்கினால் மரம். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் நட்சத்திரம். கடுகுக்குச் சிவப்புப் பூசினால் மரத்தில் தொங்கும் குண்டுகள். இவை பல்லக்காவின் இலாகா. துணியும் காகிதமும் அக்காவுடையவை. அக்கா சட்டைக் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தவள். ஆயுசில் ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை என்று அவளே சொல்வாள். ஆனால் நகமளவு காலுறையில் மடிப்புத் தையல் போட அவளை விட்டால் ஆள் இல்லை.

பிறகு அக்காவின் பார்வை போனது. முழுதாக இல்லை, நடுவில் மட்டும். எதைப் பார்க்கிறாளோ அது மறைந்து, சுற்றி இருப்பது மங்கலாகத் தெரியும். "உன்னப் பாத்தா உன் காது ரெண்டும்தான்டி தெரியுது" என்று சிரித்தபடி சொன்னவள், அந்த டிசம்பரில் மேசைப் பக்கமே வரவில்லை. அடுத்த டிசம்பரிலும் வரவில்லை. துணிப்பை பரணுக்குப் போனது. ஒரு காலத்தில் ரேடியோ கேட்கும்போதுகூட எதையாவது மடித்துக்கொண்டோ பிரித்துக்கொண்டோ இருந்த கைகள், இப்போது மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பல்லக்காவால் அதைத்தான் பார்க்க முடியவில்லை. எப்படியாவது அக்காவை மறுபடி அந்த மேசை முன் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

மூன்றாவது வருடம் அவள் ஒரு யோசனை செய்தாள். பழைய பொம்மை வீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டையே சின்னதாகச் செய்ய ஆரம்பித்தாள்.

அது சினிமா தியேட்டருக்குப் பின்சந்தில் குறுகலான மாடி வீடு. அப்பா தியேட்டரில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும், லீவு கிடைக்காது. அதனால் அவர்களுடைய கிறிஸ்துமஸ் காலையிலேயே தொடங்கி முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். கேக்கை விழுங்கிக்கொண்டே அப்பா செருப்பை மாட்டுவார். அலங்காரம் அவர் கொண்டுவரும் பிலிம் துண்டுகள். அறுந்த ரீல்களை நறுக்கி ஜன்னல் முழுக்கத் தொங்கவிடுவார்கள். வெயில் ஏறும்போது தரையில் பழுப்பும் நீலமுமாகக் கோடுகள் விழும். கண்ணருகே பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஆள், ஒரே அழுகை.

பல்லக்காவுக்கு ஏழு வயதாகும்போது அந்த வீட்டைக் காலி செய்தார்கள். அக்காவுக்கு அப்போது பதினைந்து. தியேட்டரும் சந்தும் இன்று கடைவரிசை. அப்பா அம்மா இல்லை. அந்த வீட்டின் உள்ளே போய் வந்தவர்கள் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

பிலிமுக்குப் பல்லக்கா கண்டுபிடித்த வழி பழைய பல் எக்ஸ்ரேக்கள். மெல்லிய நாடாவாக நறுக்கி, ஓரங்களில் ஊசியால் துளையிட்டுத் தொங்கவிட்டாள். வெளிச்சத்தில் கதாநாயகனுக்குப் பதில் யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல் தெரிந்தது. படி, கதவு, அடுப்படி எல்லாம் சரியாக வந்தன. ஆனாலும் வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ இடித்தது. சுவரின் நிறம்தான் என்று நினைத்து மறுபடி பெயின்ட் அடித்தாள். அப்போதும் இடித்தது.

ஏதோ இடிக்கிறது, வந்து பார் என்று அக்காவிடம் சொன்னபோது அவள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். கண்ணுள்ளவர்களுக்குக் காட்டு என்றாள். அத்தான் குறுக்கே வந்து வீட்டை வர்ணித்துப் பார்த்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அக்கா தண்ணீர் குடிக்க வந்தாள். ஜக்கு வழக்கமாக இருக்கும் இடத்தில் வீடு இருந்தது. கை கூரையில் பட்டது. எடுத்துவிடுவாள் என்று பல்லக்கா நினைத்தாள். எடுக்கவில்லை. விரல்கள் கூரையிலிருந்து இறங்கி வாசலைத் தேடின. சந்தில் மழைத்தண்ணீர் நிற்கும் என்பதால் அந்த வீட்டுக்கு நிலைப்படி உயரம். அக்காவின் விரல் ஒரு கால் போல அதன் மேல் ஏறி உள்ளே இறங்கியது. இறங்கியதும் வலப்பக்கம் திரும்பிச் சுவரில் முட்டி நின்றது.

"படி எங்கடி?"

"வலப்பக்கத்துலதான்க்கா இருக்கு."

"வலப்பக்கம் செவுருல்ல இருக்கு."

"அந்த வலப்பக்கம் இல்லக்கா. வீட்டோட வலப்பக்கம்."

அத்தான் குறுக்கே கேட்டார்: "வீட்டுக்கு ஏதும்மா வலது கை?"

பல்லக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பல் லேபில் வலது என்றால் வேலை செய்கிறவரின் வலது அல்ல, பல்லுக்குச் சொந்தக்காரரின் வலது. எதிரே நம்மைப் பார்த்து வாய் பிளந்திருக்கும் அச்சில் அது நமக்கு இடப்பக்கம். முப்பது வருடம் அப்படியே பழகிய கை. 'வலப்பக்கம் படி' என்பது நினைவில் இருந்தது. வீட்டை எதிரே வைத்ததும் கை அதன் வாசலை வாயாகப் பார்த்துவிட்டது. அடுப்படி இருந்த இடத்தில் படி, படி இருந்த இடத்தில் அடுப்படியின் சுவர்.

அவள் அதை விளக்கியதும், "வீடு கட்டுடின்னா வாயக் கட்டி வச்சிருக்கா" என்றாள் அக்கா.

அத்தான் சமாதானத்துக்கு வந்தார். "நான்கூடத்தான் முப்பது வருஷம் ரைட் ரைட்னு கத்துனேன். வண்டி என்ன வலப்பக்கமா திரும்புச்சு? விடுங்க. பாக்கப்போறவன் எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் அக்கா. "அப்பா அவசரமா எறங்கி வந்தா நேரா அடுப்புலல்ல கால வைப்பாரு."

பல்லக்கா பெட்டியிலிருந்து சின்ன ரம்பத்தை எடுத்தாள். படியை ஒட்டியது பல் செட்டுக்குப் போடும் பசையால், கடித்தாலும் விடாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அது பெரிய விஷயமில்லை. ஆனால் இடம் மாற்றிய பிறகு படிக்குக் கீழே என்ன வரும், அடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னலா அலமாரியா, எதுவும் அவளுக்கு நினைவில்லை. ஏழு வயதில் இதையெல்லாம் யார் பார்த்து வைத்தார்கள்?

"படிக்கு அடியில என்னக்கா இருந்துச்சு?"

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்க வந்ததை மறந்துவிட்டாள்.

படிக்கடியில் பிலிம் டப்பாக்கள். வட்டத் தகரம், அம்மா அதில் வெங்காயம் போட்டு வைப்பாள். அடுப்புக்கு மேலே ஜன்னல், அதில் ஒரு கண்ணாடி உடைந்து அட்டை ஒட்டியிருந்தது. சொல்லிக்கொண்டே அக்காவின் கை வீட்டுக்குள் அலைந்தது. பல்லக்கா அறுத்தாள், ஒட்டினாள், கேட்டாள். மூலையில் நின்ற மரத்தில் கை பட்டதும் அக்கா நிறுத்தினாள். இதை எந்தக் காட்டில் வெட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்டாள். பல்லக்காவின் நினைவில் மரம் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அதில் சந்தேகமே இல்லை என்றாள்.

"பெயின்ட் டப்பாவுல நட்ட ஒரு கிளைடி அது. ஸ்டூல் மேல இருக்கும். நீ அந்த ஸ்டூல் உசரம்கூட இல்ல. உனக்கு எல்லாமே கூரையத்தான் தொட்டுச்சு."

பல்லக்கா மரத்தை எடுத்துப் பார்த்தாள். வெட்ட மனசு வரவில்லை. அதைப் பார்க்க முடியாவிட்டாலும் அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். சரி, இருந்துட்டுப் போகட்டும் என்றாள்.

மறுநாளும் அக்கா வந்து உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும். வலப்பக்கத்துப் படி ஏறிவிட்டது. எக்ஸ்ரே நாடாக்கள் ஜன்னலில் தொங்கின. குட்டி வீட்டின் மாடி அறைக்கு மட்டும் திரை இல்லை. காகிதத்தில் ஒன்று வெட்டி ஒட்டிவிடலாம் என்று பல்லக்கா சொன்னாள். அம்மா காகிதத்தையா திரையாகப் போட்டாள் என்று கேட்டுவிட்டு, அக்கா அத்தானைப் பரணில் ஏறச் சொன்னாள்.

துணிப்பை வந்தது. விரலாலேயே தடவி ஒரு பூப்போட்ட துண்டை எடுத்தாள். ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்தினாள். பிறகு ஊசியையும் நூலையும் பல்லக்காவிடம் நீட்டினாள். பார்வை போனதிலிருந்து எதற்கும் யாரிடமும் கை நீட்டாதவள்.

பல்லக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நூலை எச்சில்படுத்திக் கோக்கப் பார்த்தாள். போகவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது.

"என்னடி பண்ற?" என்றாள் அக்கா. "கண்ணு உனக்குத்தான் நல்லா இருக்குன்னு சொன்னாங்க."