காப்புக் கட்டாத கை

பசறை டவுனில் நான் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது என் கணவர் போனில் அழைத்து, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் நான் கொடுத்த கஞ்சியைத் தள்ளி வைத்திருந்தார் என் மாமியார். எண்பதைத் தாண்டியவருக்கு என்ன விரதம் என்று சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

முத்தாயி மாமியை அறிந்த நம் தேயிலைத் தோட்டத்தாருக்குப் பல வருடங்களுக்கு முந்திய அந்தத் திருவிழா மறந்திருக்காது. தை கடந்தும் மழை விடவில்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அன்று மத்தியானம் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. சுவரில் கை நுழையும் அளவுக்குப் பிளவு. எல்லைக்கு வெளியே, கீழே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி அதிகாரிகள் சொல்லியும் யாரும் அசையவில்லை. நான் நிறைமாதம். காப்புக் கட்டியிருந்த என் கணவர் வர மறுத்தார். அவரை விட்டுப் போக நான் மறுத்தேன். பிளவிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசியத் தொடங்கியது.

அப்போதுதான் கோயில் முன்னால் மாமி சாமியாடினார். அதுவரை ஒருநாளும் அருள் வராதவர். முடி அவிழ, அம்மன் கரகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"என் பின்னால வாங்கடா. நான் நிக்கிற எடந்தான் எல்லை."

பூசாரியே கும்பிட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஈரத்துணியைப் பிழிந்து முடிப்பதற்குள் மலை சரிந்து இறங்கிவிட்டது. பாதி லயம் மண்ணுக்குள் போனது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தோம்.

அதன்பின் மாமி காப்புக் கட்டிக்கொள்ளவே இல்லை. வயதாகிவிட்டது என்று சொல்லி, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். போன மாதம்தான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"அன்னிக்கு ஆத்தா எறங்கல புள்ள. நாந்தான் ஆடுனேன்."

அன்று என் வயிற்றில் இருந்த அவருடைய பேத்தி இன்று காலேஜ் போகிறாள். அவளைக் காட்டி, இது எப்படிப் பாவமாகும் மாமி என்று கேட்டேன். அவர் சமாதானமாகவில்லை.

"காப்பாத்துனது அவ. அவ பேரச் சொல்லிப் பொய் சொன்னது நான். நான் போனப்பொறம் எல்லார்கிட்டயும் சொல்லிரு."

இத்தனை வருடமும் பயந்து பயந்துதான் அம்மனுக்கு விளக்கேற்றியிருக்கிறார்.

அவரைத் தூக்குவதற்கு முன், ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து அந்தக் கையில் கட்டினேன். செத்தவருக்குக் காப்பா, முறையில்லையே என்று பூசாரி தடுத்தார்.

"ஆத்தா கனவுல வந்து கட்டச் சொன்னா" என்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

எனக்குக் கனவு எதுவும் வரவில்லை. மாமி சொல்லச் சொன்னதை உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பொய்யைச் சொல்லும் தைரியத்தை மட்டும்தான்.