மாப்பிள்ளை ஒட்டிய சமையலறைத் தரை

என் மருமகன் படித்தவர். மூன்று அலுவலகங்களில் வேலை பார்த்து, மூன்றிலும் மேலதிகாரி சரியில்லை என்று வந்துவிட்டார். உலகத்திலேயே சரியான ஆள் அவர் ஒருவர்தான் போல! முப்பத்திரண்டு வயதில் என் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தார். வேர்விடாத குறை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எவனிடமும் கைகட்டி நின்று கற்காமலே தரைக்கு டைல்ஸ் ஒட்டும் தொழிலில் இறங்கி, இன்று நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். மகள் முகத்துக்காக மருமகனை என் மூத்த மேஸ்திரியிடம் அனுப்பினேன். அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவதற்குள் சிமெண்ட் மூட்டை கல்லாகிவிடும்.

முதல் நாளே மருமகனுக்கு 'ஆபீசர்' என்று பேர் வைத்துவிட்டார். ஒட்டிய ஒவ்வொரு டைல்ஸையும் சிமெண்ட் கரண்டியின் பிடியால் தட்டிக் கேட்பது அவர் வழக்கம். அடி முழுக்கக் கலவை இருந்தால் சத்தம் கெட்டியாக வரும். காலி இடம் இருந்தால் 'டொப்' என்று காட்டிக்கொடுக்கும். அது சீக்கிரமே விரிசல் விடும். நம் படிப்பாளி, நாலு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து உருண்டை கலவை வைத்து அமுக்கியிருந்தார்.

"இது என்னப்பா, டைல்ஸா தபேலாவா?"

"ஃபிரிட்ஜுக்கு அடியில போறதுதானே மேஸ்திரி, யாரு பார்க்கப் போறா?"

"அந்த ஃபிரிட்ஜை நீயா தூக்கிட்டு நிக்கப் போறே? பேத்து எடு. பக்கத்து வரிசையும் சேர்த்து."

இப்படியே நாலு மாதம். தினமும் என்னிடம் புகார்.

"மாமா, அந்த ஆளு என்னை மனுஷனாவே மதிக்கல."

"மதிக்கிற மாதிரி என்னத்த ஒட்டினீங்க மாப்பிள்ளை?"

கடைசியில் மேஸ்திரி ஒரு வீட்டுச் சமையலறையை அவரிடம் தனியாக ஒப்படைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் தட்டிப் பார்ப்பேன். ஒரு டொப் கேட்டாலும் வீட்டுக்குப் போயிடு." இதுவும் போனால் கைவிட்டுப் போகும் நாலாவது வேலை. இனி யாரிடமும் உங்களுக்காகக் கேட்க மாட்டேன் என்று என் மகளும் அவரிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் நானும் மேஸ்திரியோடு போனேன். வாசலிலேயே வீட்டுக்கார அம்மாவின் கூச்சல்.

"நல்லா இருந்த தரையை உங்க ஆளே பேத்துட்டு இருக்காரு!"

உள்ளே, மூலையில் ஒரு டைல்ஸைக் காணோம். மருமகன் குந்தி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல சத்தம் ஒரு மாதிரி வந்துச்சு மேஸ்திரி. நானே எடுத்துட்டேன்."

நானாயிருந்தால் அதன்மேல் கேஸ் சிலிண்டரை நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருப்பேன். சொல்வதற்கென்ன வெட்கம்? நான் ஒட்டிய காலத்தில் என்னைத் தட்டிப் பார்க்க ஆளில்லை.

மேஸ்திரி மண்டியிட்டு, மீதி அத்தனையையும் வரிசை வரிசையாகத் தட்டினார். எல்லாம் கெட்டி. எழுந்து முழங்காலைத் துடைத்தார்.

"கலவை இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன வேடிக்கை? இறுகறதுக்குள்ள ஒட்டு. நாளைக்கு மாடியில குளியலறை."

மருமகன் கலவையை அடி முழுக்கப் பரப்பினார். பிறகு நிமிர்ந்து என் செருப்பைப் பார்த்தார்.

"மாமா, அங்க மிதிக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

எனக்கே! தள்ளி நின்றேன்.