மண்டிக்காரர் வீட்டுக் குடில்

அந்த வருஷம் சீனாக்காரனோடு நடந்த சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில் சாமியார் சொன்னார்: "இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு யாரும் ஆடம்பரம் பண்ண வேண்டாம். ஜிகினாக் காகிதம், கண்ணாடிக் குண்டு, கலர் பல்பு எதுவும் வேண்டாம். மண்ணு, ஓலை, புல்லு, இதை வச்சுக் குடில் கட்டுங்க. அப்படிக் கட்டின குடிலுக்குத்தான் பரிசு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் வேறு எதை வைத்துக் கட்டியிருக்கிறோம்?

எங்கள் வீடு பாலக்கரைக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் இருந்தது. அப்பா ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா வீட்டிலேயே சுருட்டு சுற்றினாள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே ஜாதி. கோயிலில் நாங்கள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா உடைந்த சட்டிகளில் மண் நிரப்பிக் கேழ்வரகைத் தூவிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குள் அது பச்சைப் பசேலென்று புல்வெளியாகிவிடும். ஒரு நாள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினோம். ஏகாதசிக்கு வந்த கூட்டத்தில் நசுங்கி இறங்கி, கொள்ளிடக் கரைவரைக்கும் நடந்து, நாணல் அறுத்துக் கட்டிக்கொண்டோம். ஒரு பையில் வெள்ளை மணல், இன்னொன்றில் களிமண். வழியில் எருக்கங்காய் வெடித்துக் கிடந்தால் அந்தப் பஞ்சையும் விடமாட்டாள். ஆட்டுக்குட்டிகளின் மேல் ஒட்டுவதற்கு. புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சினால் பசை. மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தால் மாதாவின் புடவைக்குச் சிவப்பு. தலைமுடிக்கு அடுப்புக்கரி. வாசலில் தொங்கவிட பனையோலை நட்சத்திரம்.

பாதி வேலை முடிந்திருந்தபோது அப்பா வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "மண்டி முதலாளி வீட்டு அம்மா உன்னைக் கூப்பிட்டு விட்டிருக்காங்க. குடில் கட்டணுமாம். அவங்களுக்குக் கடைச்சாமான் இல்லாம என்ன பண்றதுன்னு தெரியலையாம்."

"நம்ம வீட்டுது முடியலையே" என்றாள் அம்மா.

"போயிட்டு வந்துடு. முதலாளி வீடு."

போனோம். கொல்லைப்புற வழியாகத்தான் போனோம். எங்கள் நாணல், எங்கள் மணல், எங்கள் கேழ்வரகுச் சட்டிகளில் பாதி, எல்லாம் அந்தக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு அலுமினிய டம்ளரைக் காட்டினார்கள். வேறு யாரும் அதை எடுப்பதில்லை. சுவரில் இயேசு தன் இதயத்தைக் கையால் காட்டிக்கொண்டு நின்றார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அம்மா அந்த வீட்டுக்குக் குழந்தை இயேசுவைச் செய்தாள். இரண்டு கையையும் நீட்டி, தூக்கச் சொல்லிக் கேட்கிற மாதிரி ஒரு குழந்தை. எங்கள் வீட்டுக் குழந்தையைவிட அது அழகு. அதைச் சொன்னேன். "வாயை மூடு பாப்பா" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் பரிசுக்குக் குடில் பார்க்கிற கூட்டம் கிளம்பியது. சாமியார் கிராமத்துப் பூசைக்குப் போயிருந்தார். முதலாளியும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் மேளத்தோடு தெருத் தெருவாக வந்தார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கோலம். மேளச் சத்தம் நெருங்கியது. தெருமுனையில் நின்றது. பிறகு திரும்பியது.

நான் ஓடினேன். முதலாளியே முன்னால் நின்றார்.

"எங்க தெருவுக்கு வரலீங்களா?"

"எல்லாம் பார்த்தாச்சு பாப்பா. நேரமாயிடுச்சு."

"எங்க குடிலைப் பார்க்கலையே!"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "அந்தத் தெருவுக்குள்ள எப்பப் போயிருக்கோம், இப்பப் போக?" என்றார். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பரிசு முதலாளி வீட்டுக் குடிலுக்கு என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள். பரிசு கொடுக்கிறவரும் அவர்தான், வாங்கிக்கொள்கிறவரும் அவர்தான்.

அம்மாவிடம் வந்து அப்படியே சொன்னேன். அவள் கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவினாள். கொண்டையை இறுக்கிப் போட்டாள். நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

இந்த முறை கொல்லைப் பக்கம் போகவில்லை. நேரே முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் ஏறினாள். விருந்தாளிகள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் என்ன சொல்வதென்று தோன்றுவதற்குள் குனிந்து, அந்தக் களிமண் குழந்தையை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்றே?" முதலாளியின் மனைவி எழுந்துவிட்டார்.

"பரிசு உங்களுக்கே இருக்கட்டும்மா" என்றாள் அம்மா. "புள்ளை எங்க தெருவுக்கு வரட்டும். நீங்கதான் யாரும் வரமாட்டேங்கிறீங்களே."

யாரும் தடுக்கவில்லை. தடுப்பதென்றால் அவளைத் தொட வேண்டும்.

எங்கள் குடிலில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தது. இதையும் அதன் பக்கத்திலேயே படுக்க வைத்தாள். அன்றைக்குத் தெருவே எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தது. ஏன் இரண்டு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மறுநாளே வேலை போயிற்று. அவர் அம்மாவைத் திட்டினார். "நாலு பேர் முன்னால போய் எடுத்துட்டு வரணுமா? போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினார். அம்மா சுருட்டு சுற்றிக்கொண்டே இருந்தாள். நான்தான் பேசினேன். "அவங்க நாலு பேர் முன்னாலதானேப்பா திரும்பிப் போனாங்க?" என்றேன். அடிக்கக் கையை ஓங்கியவர், அப்படியே இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாமியார் திரும்பி வந்ததும் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் உட்கார்ந்தார், டீயை மறுக்காமல் குடித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் வந்த காரியம் வேறு.

"சமாதானமாப் போகணும்மா. அந்தச் சுரூபத்தைத் திருப்பிக் கொடுத்துடு. முதலாளிகிட்ட வேலையைப் பத்தி நான் பேசுறேன்."

"தாராளமாக் கொடுக்கிறேன் சாமி" என்றாள் அம்மா. "அவங்க இங்க வந்து கேட்கட்டும். இந்த வாசப்படி ஏறி வந்து கேட்டா, அப்பவே என் கையால எடுத்துக் கொடுக்கிறேன்."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் போய்ச் சொல்லியிருப்பார். யாரும் வரவில்லை. கடையில் ஒரு பிளாஸ்டர் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

அப்பாவுக்கு லால்குடியில் ஒரு ரைஸ்மில்லில்தான் வேலை கிடைத்தது. வாரம் ஒருமுறை, தலையெல்லாம் தவிட்டோடு வருவார். மில் தூசியில் அவருக்கு இருமல் பிடித்தது, கடைசிவரை விடவில்லை. அந்த இருமலோடேதான் அவர் போய்ச் சேர்ந்தார்.

இதை இப்போது யாரிடமாவது சொன்னால், அம்மாவின் தைரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். "எவ்வளவு பெரிய மனசு" என்று கண் கலங்குகிறார்கள். மன்னிப்பதைப் பற்றி எனக்குப் புத்தி சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அப்பாவின் இருமலைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எத்தனையோ சில்லறைப் பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். பொய், பொறாமை, பூசைக்குப் போகாமல் விட்டது எல்லாம். இந்தக் கோபத்தை மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இது பாவம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.