அருவிக்கரையில் எட்டுப் பைகள்

நையாண்டி அச்சுப்படம் போடுகிறவனுக்குச் சரக்கும் வீட்டில்தான், ஆபத்தும் வீட்டில்தான். தென்காசியில் எனக்கு அதுதான் தொழில். லினோ என்கிற ரப்பர் மாதிரியான தகட்டில் குடும்பஸ்தர்களைச் செதுக்கி, மை உருட்டி, தாளில் அழுத்தி எடுப்பேன். சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜ் வராந்தா ஒன்றில் வைத்து விற்பேன். அந்த ஈரத்தில் மை லேசில் காயாது. படங்களெல்லாம் என் மனைவி செல்வியின் துணிக்கொடியில் தொங்கும், அவள் புடவைகள் நாற்காலியில் கிடக்கும். அவள் ஒரு நாள் போதும் என்றால் என் தொழில் முடிந்தது. வீட்டை நம்பிக் கலை வளர்க்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

சோபாவின் சட்டை

குத்துக்கல்வலசையில் புது வீடு கட்டி மூன்று வருஷமாகியும் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத குடும்பம் ஒன்றைச் செதுக்கியிருந்தேன். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் அதை வெகுநேரம் முறைத்தார். அவர் வீடும் அங்கேதான். சண்டைக்கு வருவார் என்று படத்தை மெல்ல என் பக்கம் இழுத்தேன். அவரோ குலுங்கிச் சிரித்து, "இது எங்க வீடேதான்" என்று வாங்கிக்கொண்டார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

சுவரில் மாட்டிக்கொடுக்க அவர் வீட்டுக்கு நானே போனேன். படத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்: "கவர் இருக்கட்டும் அண்ணாச்சி, படம் அழுக்காயிரும்லா!"

தோள் மாறிய முந்தானை

அடுத்தது வீட்டுக்குக் காட்டாத படம். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு வந்தால் நாங்கள் எல்லோரும் அருவியில் நனைவோம். செல்வி மட்டும் எல்லோருடைய பையையும் செல்போனையும் வாட்சையும் சுமந்துகொண்டு நனையாமல் நிற்பாள். அந்த நிற்பில் ஒரு கம்பீரம் உண்டு. அதைத்தான் செதுக்கினேன். பார்த்தால் வருத்தப்படுவாளோ என்று பயந்து லாட்ஜ் அறையிலேயே காயவைத்தேன்.

அச்சில் இடது வலதாகும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவசரத்தில் அது மறந்துபோயிற்று. செங்கோட்டையிலிருந்து வந்த டீச்சர் ஒருவர் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"படம் பிரமாதம் சார். ஆனா முந்தானைய வலது தோள்ல போட்டுக்கிட்டு நிக்காளே, அவசரத்துல கட்டுனாளோ, பாவம்?"

எண்ணிப் பார்த்தவள்

ராவோடு ராவாக இல்லை, ஒரு வாரம் உட்கார்ந்து தகட்டைப் புதிதாகச் செதுக்கினேன். அதை வராந்தாவில் வைத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் செல்வி வந்து நின்றாள். நான் மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு பையாக விரல் வைத்து எண்ணினாள்.

"போன வருசம் ஒம்பது பை இருந்துச்சு. எட்டுதான் செதுக்கியிருக்கிய. உங்க பை எங்க?"

பார்ப்பதே தொழிலான எனக்கு அந்தக் கண் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் கைப்பையை என் தோளில் மாட்டினாள், செல்போனையும் வாட்சையும் கையில் திணித்தாள், பெண்கள் குளிக்கும் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்து, தலைமுடி சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

"தண்ணி நல்லா விழுது. நம்ம கொடியில இன்னும் எடம் இருக்கு, அடுத்த படம் போடுங்க. நீங்க பையோட நிக்க மாதிரி!"

இந்தச் சாரலில் அதிகம் விற்ற படம், நான் பையோடு நிற்கும் அதுதான். வாங்கியவர்கள் எல்லாம் பெண்கள், தூக்கிக்கொண்டு போனவர்கள் மட்டும் கணவன்மார்கள்.